வளர்ற மாத்திரை

போன வாரம் டெய்லரம்மாவை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பக்கத்தில் பெரியவள், காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அந்த பெஞ்சில் கால் தரையைத் தொட வேண்டும். இவளுக்குத் தொடவில்லை.

இந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. டெய்லரம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பிறக்கும்போதே ஹெச்.ஐ.வி., தாயிடமிருந்து வந்தது. சின்னவள் வயிற்றில் இருக்கும்போதுதான் டெய்லரம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. உடனே மருந்து கொடுத்து சின்னவளைக் காப்பாற்றிவிட்டார்கள். இது டெய்லரம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரியும். பெண்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பெரியவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குக் கொடுப்பது வளர்ற மாத்திரை.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் அவள் அப்பன். ஐந்து வயதில் நிமோனியாவில் படுத்து, அப்போதுதான் சோதனையில் நோய் தெரிய வந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்த குழந்தை, கசப்பு மருந்தைத் துப்பித் துப்பி அடம்பிடித்தது. இதைக் குடித்தால் அப்பா உயரத்துக்கு வளருவாய் என்று சொல்லி ஊட்டினான். பொய் அவன் நாக்கு நுனியிலேயே இருக்கும். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, பெரியவளுக்கும் சோதனை செய்துவிடுங்கள் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். பிள்ளைக்கு ஊசி குத்தி அழ வைக்காதே, அவளுக்கெல்லாம் ஒன்றும் இருக்காது என்று தடுத்தவனும் இதே மகராசன்தான். அந்த வருஷத்தில் நோய் தின்ற உயரம் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை.

டெய்லரம்மா அவனை மனதுக்குள் திட்டாத நாள் கிடையாது. அவன் சொன்ன பொய்யை ஒரு நாளும் திருத்தியதும் கிடையாது.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் பெரியவளை எடை மெஷினில் ஏற்றினாள், சுவரோடு ஒட்டி நிற்க வைத்து உயரம் பார்த்தாள். எடை இறங்கியிருந்தது. உயரம் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. நர்ஸ் இன்னொரு தரம் பார்த்தாள். பெரியவள் மூச்சைப் பிடித்துக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

கவுன்சிலிங் அக்கா டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினாள். கணக்கு கச்சிதமாக இருந்தது. எத்தனை தீர்ந்திருக்க வேண்டுமோ அத்தனை தீர்ந்திருந்தது.

டாக்டரம்மா பெரியவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ரத்தத்தில் கிருமி மறுபடி ஏறியிருக்கிறது என்றார். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே ஏறியிருக்கிறது.

ஒரு வேளை விடாமல் கொடுக்கிறேனே என்றாள் டெய்லரம்மா. மாத்திரைக் கணக்கும் அதைத்தானே சொல்கிறது என்றார் டாக்டரம்மா. அதுதான் அவருக்குக் கவலை. ஒழுங்காகச் சாப்பிட்டும் கிருமி அடங்கவில்லை என்றால், இந்த மருந்துக்கு அது பழகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு ரத்தச் சோதனை பார்க்க வேண்டும், வேறு மருந்துக்கு மாற்ற வேண்டி வரலாம்.

"உங்க கண் முன்னாடிதானே முழுங்கறா?"

"ஆமா டாக்டர்."

கூசாமல் சொல்லிவிட்டாள். உண்மை என்ன தெரியுமா? பெரியவள் மாத்திரை விழுங்குவதை டெய்லரம்மா பார்த்து வருஷக்கணக்காகிறது. அதே நேரத்துக்கு அவளும் தன் மாத்திரையை விழுங்க வேண்டும். அவளுடையது பட்டன் டப்பாவில், பட்டன்களுக்கு அடியில் இருக்கிறது. கேட்டால் ப்ரஷர் மாத்திரை என்பாள். அதனால் பெரியவளுடையதை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பெண்கள் படுக்கிற அறையில் வைத்துவிட்டு, இவள் தையல் மெஷின் பக்கம் ஒதுங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்குவாள். தன் பொய்யை மறைக்கிற அவசரத்தில் பிள்ளையைப் பார்க்காமல் விட்டாள்.

டாக்டரம்மா விடவில்லை. போன வருஷம் வரைக்கும் பெண் நன்றாகத்தான் ஏறி வந்தாள் என்றார். இந்த மருந்தில் முதலில் எடை கூடும், உயரம் பின்னால்தான் மெதுவாக வரும். எடை கூடியதால்தானே பெரியவர்கள் சாப்பிடுகிற மாத்திரைக்கே மாற்றினோம், இப்போது உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டவே சரியாகப் போகிறது, பிறகு எதை வைத்து வளரும் என்றார். இன்னும் வயசுக்கு வராத பெண், எலும்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

"அவகிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க?"

"இந்தப் பரீட்சை முடியட்டும் டாக்டர்."

"போன தடவையும் ஏதோ பரீட்சைன்னுதான் சொன்னீங்க."

பெரியவளிடம் மாத்திரை மாறலாம் என்று மட்டும் சொன்னாள் டெய்லரம்மா. திரும்பி வர இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. தெருமுனையிலேயே மருந்துக் கடையும் இருக்கிறது. அந்தக் கடைக்காரம்மாவின் கண்ணில் இந்த டப்பா பட்டுவிடக் கூடாதென்றே இத்தனை வருஷமாக இந்த அலைச்சல்.

இரண்டாவது பஸ்ஸில் கண்டக்டர் பெரியவளைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அரை டிக்கெட் கிழித்தான்.

"எனக்கு முழு டிக்கெட்" என்றாள் பெரியவள்.

கண்டக்டர் சிரித்தான். வளர்ந்த பிறகு வாங்கிக்கோ பாப்பா என்றான். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெய்லரம்மாவும் வாயைத் திறக்கவில்லை. பதினாலு என்று சொன்னால் ஏன் இப்படி இருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி ஆயுசு போய்விட்டது அவளுக்கு.

வீட்டில் சின்னவள் காத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. பதினொன்று நடக்கிறது, வாசல்படியில் தலை இடிக்குமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படுகிற வளர்த்தி. பாஸ்கெட்பால் டீமில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பாவாடை தைக்க வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இன்னொரு பாவாடையும் பாக்கி இருந்தது. மருந்துக்கடைக்காரம்மாவின் மகளும் அதே டீம். சாயங்காலம் வாங்கிப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள். பட்டன் வைத்தால் முடிந்தது.

டெய்லரம்மா டேப்பை எடுத்துச் சின்னவள் இடுப்பில் சுற்றினாள். இந்த வீட்டில் துணி ஏறுமுகமாகப் போகும். புதுசு முதலில் தங்கைக்கு. அவளுக்குக் குட்டையாகிப் போனால் அக்காவுக்கு. பெரியவள் இப்போது போட்டிருப்பதுகூட சின்னவள் போன வருஷம் போட்ட பாவாடைதான். முதல் தடவை அப்படிக் கொடுத்த அன்று பெரியவள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"நேரா நில்லுடி. கூன் போடாதே."

"அம்மா, அக்காவுக்கு மாத்திரைய மாத்தப் போறாங்களாமே? அக்கா சொன்னா."

"ஆமா. உனக்கு என்ன அதைப் பத்தி?"

"இல்ல, புது மாத்திரை எனக்கு ஒத்துக்குமான்னு கேட்டேன்."

டேப் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

டெய்லரம்மா அதை எடுக்கவில்லை. முட்டி போட்டபடியே சின்னவள் முகத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்று தெரியும். மெதுவாகக் கேட்டாள். சின்னவளும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாதே. முதலில் அக்கா ஒரு நாள், தான் ஒரு நாள் என்று சாப்பிட்டார்களாம். இப்போது பல மாதமாக எல்லாம் தனக்குத்தானாம். முதலில் கொஞ்சம் தலை சுற்றியதாம், பிறகு பழகிவிட்டதாம்.

கணக்கு கச்சிதமாக இருந்தது ஏன் என்று டெய்லரம்மாவுக்கு இப்போது புரிந்தது.

எழுந்து பின்பக்கம் போய்க் கவுன்சிலிங் அக்காவுக்குப் போன் போட்டாள். இரண்டு மூன்று தரம் ஆரம்பித்தாள். அந்தப் பெண் முழுசாகக் கேட்டுவிட்டு, பதறாதீங்க, சின்னவளுக்கு இனிமேல் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம், நாளைக்கு இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள் என்றாள். சின்னவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும். பெரியவள் விஷயம்தான் மோசம். விட்டு விட்டுச் சாப்பிட்டால்தான் கிருமி மருந்துக்குப் பழகும். கடைசியாக ஒன்று சொன்னாள். அங்கே வருவதற்கு முன்னால் அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றாள்.

டெய்லரம்மா வாசல் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். அது பெரியவளுக்கு எட்டாத தாழ்ப்பாள். திறக்க வேண்டுமென்றால் தங்கையைத்தான் கூப்பிடுவாள்.

பெரியவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். சின்னவளை உள்ளே போகச் சொன்னாள்.

"அவளும் இருக்கட்டும்" என்றாள் பெரியவள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "அவளும்தானே முழுங்கினா."

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

பெரியவள் சொன்னது இது. சின்ன வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். பெரிய மாத்திரைக்கு மாற்றிய அன்று, இனிமேல் கிடுகிடுவென்று வளர்ந்துவிடுவோம் என்று ராத்திரி தூங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. தங்கை ஆசையாகக் கேட்டாள், டீமில் சேர உயரம் வேண்டுமாம். சரியென்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாள். தங்கை மளமளவென்று வளர்ந்தாள்.

"அவளுக்குத்தான் வேலை செய்யுது. எனக்கு எதுக்கு வீணாக்கணும்? வீட்டுல ஒருத்தியாவது வளரட்டுமேன்னு எல்லாத்தையும் கொடுத்துட்டேன்."

திட்டத்தான் உட்கார்ந்தாள் டெய்லரம்மா. இந்த மாதிரிப் பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

"நீ போன வருஷம் வரைக்கும் வளர்ந்துட்டுதான்டி இருந்தே. உன் பாவாடை மடிப்பைப் பிரிச்சு இறக்கித் தைச்சவ நான். ஒரு விரல் அகலம் இறக்கினேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

சொல்லவில்லைதான். சொன்னால் உடனே தங்கையைப் பார்ப்பாள், இவ்வளவுதானா என்று முகம் வாடும் என்று நினைத்து, பெண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தைத்துப் பழைய மடிப்புக் கோடு தெரியாமல் தேய்த்தும் வைத்தாள். தொழில் சுத்தம் என்று தெருவே அவளைச் சொல்லும். அந்தச் சுத்தம்தான் வினையாக வந்து முடிந்தது.

"அது வளர்றதுக்கான மாத்திரை இல்லடி" என்றாள்.

"பின்ன எதுக்கு?"

"நீ சாகாம இருக்கறதுக்கு."

பிறகு நிறுத்தாமல் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம். நோயின் பெயரைச் சொன்னாள். பெரியவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்த அன்று பின் பெஞ்சில் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்களாம். தானும் சிரித்தேன் என்றாள்.

"யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

"எங்கிட்ட இருந்து."

"உனக்கு?"

டெய்லரம்மா எழுந்து பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். பட்டன்கள் நாலா பக்கமும் உருண்டன. நடுவில் மாத்திரை டப்பா கிடந்தது. ப்ரஷர் மாத்திரை என்று சொன்னது இதுதான், ஒழுங்காகச் சாப்பிட்டதால்தான் நான் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், சாப்பிட மாட்டேன் என்று வீம்பு பிடித்த உன் அப்பா போய்விட்டார் என்றாள்.

பெரியவள் டப்பாவை எடுத்துப் பார்த்தாள். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். தினமும் தன் கிண்ணத்தில் வருகிற அதே மாத்திரை. சின்னவள் அக்காவை ஒட்டி உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பெரியவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"நான் வளருவேனா, மாட்டேனா?"

டெய்லரம்மாவின் வாயில் பழைய பதில் வந்து நின்றது. அப்பா உயரத்துக்கு வளருவாய். அதை விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் வளருவே. மருந்தை விடாம சாப்பிட்டா. இவ அளவுக்கு மாட்டே."

பெரியவள் தலையாட்டினாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒண்ணுகூட விட்டிருக்க மாட்டேனே. சாகாம இருக்கறதுக்குன்னா யாராவது அடுத்தவளுக்குக் கொடுப்பாளா? நீ ஏம்மா சொல்லல?"

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள் டெய்லரம்மா. அப்படிச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. பெரியவள் கையைப் பிடிக்கப் போனாள். பெரியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"அம்மா, நான் மட்டும் சாப்பிடல."

வேறு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டாள் டெய்லரம்மா. மருந்துக்கடைக்காரம்மாவின் மகளுக்காம். நீ மட்டும் எப்படி வளர்கிறாய் என்று அவள் நச்சரித்தாளாம். நேற்று விளையாடப் போனபோது, தான் விழுங்காமல் சேர்த்து வைத்த இரண்டு மாத்திரையைக் கொடுத்தாளாம். அவள் ஒன்றைச் சாப்பிட்டாளாம். இன்னொன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டாளாம்.

"எதுக்குடி வச்சிருக்கா?"

"அவங்கம்மாகிட்ட காட்டறதுக்கு. அவங்க கடையில இருந்தா தினமும் எடுத்துக்கலாமாம்."

மெஷின் மேல் அந்த வீட்டுப் பெண்ணின் பாவாடை பட்டன் வைக்காமல் கிடந்தது.

வாசலில் கதவைத் தட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரம்மா எப்போது வந்தாலும் தெருவிலிருந்தே துணி ஆச்சா, துணி ஆச்சா என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள். இன்று துணியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"டெய்லரம்மா, கதவைத் திற. உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

டெய்லரம்மா பெரியவளிடம் கிசுகிசுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போய்விடுங்கள், சத்து மாத்திரை என்று எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். சொல்லும்போதே பட்டன்களை அள்ளி மாத்திரை டப்பாவின் மேல் போட்டு மூடினாள். கை தன்பாட்டுக்கு அந்த வேலையைச் செய்தது.

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"மருந்துக் கடை வச்சிருக்கறவங்ககிட்ட சத்து மாத்திரைன்னு சொல்லப் போறியா? அவங்க பொண்ணு ஒண்ணு முழுங்கியிருக்காம்மா."

கதவு மறுபடி தட்டப்பட்டது. பெரியவள் வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. சின்னவள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். பெரியவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, டெய்லரம்மா உட்கார்ந்து தைக்கிற ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து வந்து கதவோரம் போட்டு ஏறினாள்.

"என்னடி சொல்லப் போறே?" என்றாள் டெய்லரம்மா.

"இது என் மாத்திரை. எதுக்குன்னு எனக்குத் தெரியும்னு சொல்லப் போறேன்."

தாழ்ப்பாளை இழுத்தாள்.